மைனஸ் பதினேழு சாப்பாடு

போன திங்கட்கிழமை எங்கள் கம்பெனி கேன்டீனில் மதியம் மைனஸ் பதினேழு பேர் சாப்பிட்டிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை... நான் எழுதிய புரோகிராம் சொன்னது.

கேன்டீன் மாஸ்டர் ஏழுமலை பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது... மைனஸ்ல சோறு எப்டி வடிக்கிறது?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். பக்கத்தில் நின்ற உமாவும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

விஷயம் இதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் கம்பெனி எங்களுடையது. கேன்டீனில் ஒரு நாள் சோறு மிஞ்சும், ஒரு நாள் பற்றாது. நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு மாடல் போடுங்கள், யாருடையது சரியாக வருகிறதோ அவருக்குத்தான் புது டேட்டா செக்‌ஷன் பொறுப்பு என்றார் மேனேஜர். போட்டியில் நானும், பக்கத்து சீட் உமாவும்.

மாடல் போட 'ஆர்' என்று ஒற்றை எழுத்தில் ஒரு சாஃப்ட்வேர். இலவசம். எனக்கு மேனாம்பேடு ஃப்ளாட்டில் தனி ரூம், ஏசி, புது லேப்டாப். உமா திருநின்றவூரிலிருந்து ட்ரெயினில் நின்றுகொண்டே மொபைலில் பாடம் பார்ப்பவர். எனக்குச் சிவப்பாக 'எரர்' வரும் இடத்தில் அவருக்கு அழகாக கிராஃப் வரும். வயிறு எரியுமா, எரியாதா?

அதற்கெல்லாம் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ட்ரெயினில் அவருக்கு நேரம் கிடைக்கிறது. வீட்டில் மாமியார் சமைத்துக் கொடுத்துவிடுகிறார். காலேஜில் கணக்குப் படித்தவர். மேனேஜருக்கு ஊர்க்காரர் வேறு! அவர் ஜெயித்த ஒவ்வொரு தடவைக்கும் என்னிடம் ஒரு காரணம் ரெடி.

மாடலையும் அப்படித்தான் போட்டேன். மழை, மேட்ச், அமாவாசை, யார் வீட்டில் கல்யாணம் — ஒன்றையும் விடவில்லை. பழைய கணக்கோடு வைத்துப் பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்தியது. உமாவுடையதில் இருந்தது ஷிஃப்டுக்கு எத்தனை பேர், அன்றைக்கு என்ன குழம்பு... அவ்வளவுதான். பழைய கணக்கிலிருந்து அவர் கிராஃபின் கோடு அங்கங்கே தள்ளிப் போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

திங்கட்கிழமை இரண்டு மாடலுக்கும் பழைய கணக்கில் இல்லாத புது நாள். உமாவுடையது ஏறக்குறைய சரி. என்னுடையது ஏழுமலை கையில்.

பொறுப்பு உமாவுக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னேன். அவர் என் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"காரணம் ரொம்ப போட்டுட்டீங்க சார். நடந்ததுக்கெல்லாம் ஒண்ணொண்ணு வச்சா, நடக்கப்போறது கைல சிக்காது. ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க."

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மாடலிலிருந்து அல்ல... மனசிலிருந்து.

மாமியார் சமையலா? என் வீட்டில் நான் எந்த நாள் சமைத்தேன்? கணக்கா? நானும் அதைத்தான் படித்தேன். மேனேஜரா? என் கிரகப்பிரவேசத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தவர் அவர். நேரமா? என் வீட்டு டீவியைக் கேட்டால் தெரியும்.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு ஒன்றுதான் மிஞ்சியது. உமா படித்தார்.

மற்ற காரணங்கள் இருந்தவரை எனக்கு இவ்வளவு எரியவில்லை!