விண் பூட்டாத பட்டம்

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு விஞ்ஞானக் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அச்சுவேலிச் சந்தையடியில் கைபேசி திருத்தும் கடை வைத்திருந்தார். கடை பூட்டி வந்ததும் அன்று வாசித்த கதையை எனக்குச் சொல்வார். முடிந்ததும் அதில் வந்த கருவிகளுக்கு நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். முகம் பார்த்துக் கதைக்கும் பெட்டியா? வந்துவிட்டது, கனடாப் பெரியம்மா தினமும் அதற்குள் வந்து போனார். ஆளை மறைக்கும் போர்வையா? வரவில்லை. சாரதி இல்லாத கார்? அங்கேதான் மாமா குறுக்கிடுவார்.

"வந்திட்டுது பிள்ளை. ஆனா ஆரையும் இடிச்சா ஆரை மறியலில போடுறது? அதுக்குச் சட்டம் வரேல்லை."

காலயந்திரம் வந்தால் யாழ்ப்பாணத்து நீதிமன்றங்கள் தாங்காது, எல்லாரும் பின்னோக்கிப் போய் வேலியை அரை அடி நகர்த்திவிட்டு வருவார்கள் என்பார். இப்படியெல்லாம் யோசிக்க உலகத்தில் அவர் ஒருவரால்தான் முடியும் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை இன்றும் பெரிதாகக் குறையவில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, தை மாதம் எங்கள் அம்மன் கோயில் தேருக்கு வானத்திலிருந்து பூச்சொரிவதென்று மாமா முடிவெடுத்தார். வெளிநாட்டுக் காசு புழங்கும் கோயில்களுக்கு ஹெலிகொப்டர் வரும். எங்கள் அம்மனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பழைய சாமான்களைச் சேர்த்து மாமா ஒரு ட்ரோன் கட்டி, அதன் அடியில் ஓலைப்பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டார். பெட்டியைத் திறக்கும் பொத்தானை நான்தான் அமத்துவதென்று பேச்சு. அதை வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒத்திகை எங்கள் வீட்டு வளவில் நடந்தது. ட்ரோன் இரைந்துகொண்டு மாமரத்துக்கு மேலே எழும்பியது. அடுக்களையிலிருந்து அம்மா அகப்பையோடு ஓடி வந்து, என்னைப் பிடித்திழுத்து வாழைப் பாத்திக்குள் தள்ளி, எனக்கு மேலேயே விழுந்தார். அம்மாவுக்குக் கால் சறுக்கிவிட்டதென்றுதான் நினைத்தேன். புதுச் சட்டை சேறானதற்காகக் கத்தி அழுதேன். மாமா ட்ரோனை இறக்கிவிட்டு ஓடிவந்து, அந்தச் சேற்றிலேயே குந்தினார்.

"ஒண்டுமில்லை அக்கா, அது என்ரைதான். என்ரைதான் அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் காலை ட்ரோன் பெட்டிக்குள் போய்விட்டது.

"விடேலாது பிள்ளை. பொலிஸ் அனுமதி தரேல்லை. சட்டம்."

"கதையில ஒருத்தரும் அனுமதி கேக்கேல்லையே மாமா?"

"அதாலதான் அது கதை."

எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் அந்தச் சட்டத்துக்குக் கொடுத்தேன். மாமா ஆளுயரத்தில் ஒரு கொக்குப்பட்டம் கட்டி, பூவுக்கான ஓலைப்பெட்டியை அதில் தொங்கவிட்டார். ஆனால் அதற்கு விண் பூட்டவில்லை. விண் என்பது பட்டத்தின் தலையில் வில்லுப்போல் வளைத்துக் கட்டும் நார். காற்றுப் பட்டால் ஊர் முழுக்கக் கேட்க உறுமும். விண் இல்லாததை எங்கள் பெடியள் பட்டமென்றே மதிக்கமாட்டார்கள். அதற்கும் சட்டமோ என்று கேட்டேன்.

"ஓம்" என்றார் மாமா.

தேரன்று பட்டம் சத்தமில்லாமல் ஏறி நின்றது. மாமா கண்காட்ட, பெட்டிக்குக் கட்டிய நூலை இழுத்தேன். காற்று வேறு கணக்குப் போட்டிருந்தது. பூ முழுவதும் தேரைத் தாண்டி ஒரு கச்சான் கடலைக் கடையில் கொட்டியது. கச்சான் விற்ற அம்மா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கோ அழுகை வந்தது. திரும்பிப் பார்த்தால், என் அம்மாவும் பட்டத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் படமெடுக்க ட்ரோன் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா மெதுவாக எழுந்து உள்ளே போனார். பக்கத்தில் இருந்த மாமாவிடம், அந்தத் தேருக்கு ஏன் அனுமதி தரவில்லை என்று கேட்டேன்.

"ஆர் தரேல்லையெண்டது? தேருக்கு முந்தின கிழமையே தந்திட்டினம்" என்றார்.

மிச்சத்தையும் அவர்தான் சொன்னார். போரின் கடைசி மாதங்களில், வன்னியில், விமானி இல்லாத வேவு விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேல் இரைந்தபடி சுற்றுமாம். சனம் அதை வண்டு என்றதாம். வண்டு சுற்றினால் பின்னால் ஷெல் வரும். நான் அப்போது கைக்குழந்தை; ஒவ்வொரு தடவையும் அம்மா என்மேல் கவிழ்ந்து படுப்பாராம்.

தேரன்று அம்மா சிரித்ததை மட்டும்தான் நான் கண்டேன். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்ததே பெரிய காரியம் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.