படத்தில் ஒரு தலை குறைகிறது

பேய், ஆவி, செய்வினை, கண்ணேறு என்று நான்கு வகைப் பயங்களையும் சிறு வயதிலேயே கழித்துவிட்டவன் நான். கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் சரக்கு எண்ணும் கிராணியாக இருந்தேன். கப்பலில் ஏறியது எத்தனை மூட்டை, இறங்கியது எத்தனை மூட்டை, அவ்வளவுதான் உத்தியோகம். குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறான், கூடினால் யாரோ தப்பாக எண்ணியிருக்கிறான். மூன்றாவது காரணம் ஒன்று இருந்ததே இல்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன், நானே ஒரு வருடமாகப் பாதிதான் நம்புகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் நான்காவது மாடியில் தனியாக இருக்கிறேன், லிஃப்ட் கெட்டுப்போனால் அறுபத்து நான்கு படி. ஜோகூரில் இருக்கும் என் மகள் தேவிக்கு அது பிடிக்கவில்லை. "தினமும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கப்பா. பன்னெண்டு மணிக்குள்ள வரலைன்னா காரை எடுத்துக்கிட்டு வந்துருவேன்" என்றாள். அதாவது படம் வந்தால் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். சரி, வயதானவர்களுக்கு ரயிலில் பாதிக் கட்டணம்தானே என்று தினமும் ஒரு பக்கம் போவேன், பத்துமலைக் குரங்கு, பெட்டாலிங் ஜெயாவில் மழைத் தண்ணீரில் நிற்கும் கார்கள், கிள்ளான் ஆற்றுப் பாலம், எதையாவது எடுப்பேன். ஒரு நாளைக்கு ஒரே படம், இரண்டு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எதிலும் நான் இல்லை.

ஆயிரத்து நாற்பத்தாறாவது படத்தன்று முட்டி வலி. ரயில் வேண்டாம், கீழே மங்கையின் வடைக் கடையை எடுத்தால் போதும் என்று இறங்கினேன். கடை என்றால் நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி, ஓர் அடுப்பு, பின்னால் வெள்ளைச் சுவர். மங்கைக்கு ஐம்பத்தெட்டு வயது. காலை வெயில் சுவரில் சாய்வாக விழுந்திருந்தது.

"என்ன அங்கிள், இன்னிக்கு ரயிலுக்கு லீவா? சட்டியில எத்தனை வடைன்னு எண்ணியாச்சா?"

"பதினொண்ணு. ஒண்ணு கருகுது."

"கண்ணு வைக்காதீங்க லா!"

பழக்கதோஷத்தில் ஆட்களையும் எண்ணினேன். மங்கையோடு ஏழு தலை. அழுத்தினேன், கண்ணாடி போடாமலே அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் தேவியிடமிருந்து செய்தி: "மங்கை ஆன்டி கடைய விட்டுட்டு எங்க போனாங்க? அந்த ஹெல்மெட்காரர் யாரப் பாத்து சிரிக்கிறாரு?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஆறு தலை. மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் ஹெல்மெட்டோடு கையை நீட்டிச் சிரிக்கிறார், எதிரே சட்டியும் புகையும்தான். மங்கை இல்லை. ஆனால் பின்சுவரில் அவள் நிழல் இருக்கிறது, கையில் கரண்டியோடு, தெளிவாக.

அன்றே கைப்பேசிக் கடைக்குப் போய்க் காட்டினேன், கடைக்காரர் அதிலேயே நாலு படம் எடுத்துப் பார்த்து ஒன்றும் கெடவில்லை என்றார். மறுநாள் மறுபடி மங்கையை எடுத்தேன். எண்ணும்போது ஐந்து தலை, படத்தில் நான்கு. நிழல் இருந்தது, ஆனால் முந்தின நாளைவிட வெளிறி, ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தது போல.

"மங்கை, உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஏன் அங்கிள், பொண்ணு பாக்க வந்தீங்களா?"

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நான் வடையை வாங்காமலே மாடி ஏறிவிட்டேன். ஒரு பெண்ணிடம் போய் நீ படத்தில் விழவில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தினம் ஒரு படம் என்றால் உயிரோடு இருக்கிறேன் என்ற சாட்சி. அப்படியென்றால் இவளுக்கு?

மூன்றாம் நாள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரே நாளில் இரண்டு படம் எடுத்தேன். இரண்டிலும் அவள் இல்லை. சுவரில் தேநீர் கொட்டிய கறை அளவுக்குத்தான் நிழல் மிச்சம். வெட்கத்தை விட்டுக் கைப்பேசியை அவள் முன்னால் நீட்டி, மூன்று நாள் படங்களையும் வரிசையாகத் தள்ளிக் காட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "போன் கெட்டுப்போச்சு லா அங்கிள், வேற வாங்குங்க" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் இடது தோளைத் தேய்த்துக்கொண்டாள். "பத்து நாளா இந்தக் கை மட்டும் கனக்குது. மாவு பிசையறதாலன்னு நெனச்சேன்."

"கிளினிக்குக் கெளம்பு."

"கடைய யாரு பாக்கறது? நாலு கிலோ மாவு கெடக்கு."

"நான் பாக்கறேன்."

"உங்களுக்கு வடை சுடத் தெரியுமா?"

"எண்ணத் தெரியும்."

அதற்குத்தான் சிரித்தாள். அந்த ஹெல்மெட்காரரே ஒரு டாக்சியை நிறுத்தி ஏற்றிவிட்டார். நான் நாற்பத்து மூன்று வடை சுட்டேன், பத்தொன்பது கருகின, வாங்கினவர்கள் என் வயதுக்கு மரியாதை கொடுத்து ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் மருத்துவமனையிலிருந்து மங்கையின் குரல். கிளினிக்கில் அவளை உட்காரக்கூட விடவில்லையாம், நேராக ஆம்புலன்ஸ். இதயத்துக்குப் போகும் குழாய் அடைத்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தாங்கியிருக்காது. "யாரும்மா உன்னைச் சரியான நேரத்துல அனுப்பினதுன்னு டாக்டர் கேட்டாரு. வடை எண்ணுற அங்கிள்னு சொன்னேன்" என்றாள்.

நாற்பத்தேழாம் நாள் அவள் திரும்பவும் அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணினேன், ஐந்து தலை. அழுத்தினேன். படத்திலும் ஐந்து. நடுவில் மங்கை, கொஞ்சம் இளைத்து, கையில் கரண்டி, பின்னால் கரி பூசியது போல் அவள் நிழல். மூன்று முறை எண்ணினேன்.

"போனைக் குடுங்க. நீங்க அங்க நில்லுங்க" என்றாள்.

"வேணாம்மா."

"எனக்கு மட்டும் பாத்தீங்கள்ல? நில்லுங்க அங்கிள்."

அழுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தலையை நிமிர்த்தி, "இருக்கீங்க அங்கிள். தொப்பையோட இருக்கீங்க" என்றாள். அந்தப் படத்தைத் தேவிக்கு அனுப்பினேன். அவள் உடனே அழைத்து அழுதாள், அவ்வளவு நாளும் என் முகத்தை ஒரு படத்தில்கூட அனுப்பாதது எவ்வளவு பெரிய கஞ்சத்தனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இத்தோடு விட்டிருக்க வேண்டும். என் புத்தி விடுமா? அந்த வாரமே பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பழைய படங்களை ஒன்று முதல் பார்க்க ஆரம்பித்தேன். முந்நூற்று எண்பத்தேழு வரை குறை இல்லை. முந்நூற்று எண்பத்தெட்டு, பத்துமலைப் படிக்கட்டு, கூட்டம் இல்லாத ஒரு காலை. நான் எடுத்தது கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கை. ஓரத்தில் நான்கு வயதிருக்கும், மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சிறுமி படி ஏறுகிறாள். வலது கையை உயரத் தூக்கியிருக்கிறாள், விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அங்கே யாரும் இல்லை. படியில் அவளுடைய குட்டி நிழலுக்குப் பக்கத்தில், அந்தக் கையோடு சேர்ந்தாற்போல், நீளமாக இன்னொரு நிழல் விழுந்திருக்கிறது.

நல்ல வேளையாக அது வெளிறவில்லை. கருப்பாகத்தான் இருக்கிறது. அதனால் அப்போது இன்னும் நாள் மிச்சம் இருந்திருக்கும், யாராவது என்னைப் போல ஒரு நச்சரிப்புக்காரன் கையைப் பிடித்து வந்த அந்த அம்மாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பான் என்று சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு வயதாகியிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் முதல் ரயிலில் பத்துமலைக்குப் போய்ப் படிக்கட்டின் அடியில் நின்று, ஏறுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், பிறகு அவர்கள் பிடித்திருக்கும் கைகளை எண்ணுகிறேன்.