ரத்தினத்தின் முழங்கால் சாக்கு

பக்கத்து வீட்டுக்காரர் சமையலறையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டுகிறார். நேற்றுக் காலை செங்கல் ஏற்றிக்கொண்டு ஒரு லோரி வந்து எங்கள் வாசலை மறித்து நின்றது. சுங்கை வேயில் எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் ஒரு லோரி நின்றால் சைக்கிள்கூட அந்தப் பக்கம் நுழைய முடியாது. சண்டை போடலாம் என்றுதான் எழுந்து போனேன். வயதானவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

டிரைவர் முப்பது வயதுக்காரர். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அங்கிள், அஞ்சு நிமிஷம் லா. எறக்கிட்டு எடுத்துருவேன்" என்றார். அந்தச் சிரிப்பில் என் சண்டை போன இடம் தெரியவில்லை. செங்கல் இறங்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். "என்ன அங்கிள் பெரிய வேலை? பேசிக் சம்பளம் ஒன்னுமே இல்ல. டிரிப் ஓடுனாத்தான் காசு. லீவு கேட்டா பாஸ் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறாரு" என்று புலம்பினார். நானும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினேன். புலம்பி முடித்து ஏறி உட்கார்ந்தவர், இரண்டு விரலால் சாவியைத் திருகினார். லோரி கிளம்பிவிட்டது. அவ்வளவுதான்! என் வலது தோள் விண்ணென்று வலித்தது. கூடவே, எழுபது வயதைத் தாண்டியவனுக்கு வரக்கூடாத ஒன்றும் வந்தது. பொறாமை.

உங்களிடம் மறைப்பானேன், அது எனக்குப் பழைய சிநேகிதம். வெள்ளைக்காரன் காலத்தில், ரப்பர் விலை கொஞ்சம் தலை தூக்கியிருந்த நாட்களில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், லோரியில் நான் கெலிண்டனாக இருந்தேன். சரக்கு ஏற்றுவது, இறக்குவது, டயருக்குக் கட்டை கொடுப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பக்கம் நின்று இரும்பு ஹாண்டலைச் சுற்றி என்ஜினை உயிர்ப்பிப்பது, இவைதான் கெலிண்டன் வேலை. ஹாண்டலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கவேண்டும். மடக்கிப் பிடித்தால், என்ஜின் எதிர்த்து உதைக்கும்போது விரல் நம்முடையதாக இருக்காது. என் கட்டைவிரல் இன்றைக்கும் மடங்க யோசிக்கும். பேத்தி கேலி செய்கிறாள், கரண்டியைக்கூட அப்படித்தான் பிடிக்கிறேனாம்.

லோரியின் டிரைவர் ரத்தினம். நானும் அவனும் ஒரே கப்பலில் வந்து, ஒரே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி, ஒரே நாளில் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள். என்னைவிட ஆறு மாதம் இளையவன். ஆனால் யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரன் கார் டிரைவராக இருந்ததால், அவனுக்கு மட்டும் ஸ்டீயரிங் பிடிக்கும் வித்தை கிடைத்தது. அன்று முதல் அவன் எனக்கு 'அண்ணே' ஆகிவிட்டான். டிரைவரைக் கெலிண்டன் அண்ணே என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் எனக்குத் தொண்டையில் மீன்முள் மாட்டும்.

அவனுக்கு மாதச் சம்பளம், எனக்கு நாள்கூலி. மழை பெய்து லோரி ஓடாத நாளில் அவனுடைய சம்பளம் ஓடும், என்னுடையது நிற்கும். அவனுக்கு மெத்தை வைத்த இருக்கை, காக்கிச் சட்டை. எனக்கு ஏற்றிய ரப்பர் ஷீட்டுகளின் உச்சி. புகை போட்ட ரப்பரின் புளித்த வாடை வியர்வையோடு ஏறினால் எந்தச் சோப்புக்கும் இறங்காது. அவன் மேல் வீசுவது பெட்ரோல் வாசனை. அதற்குக்கூட நான் பொறாமைப்பட்டேன். ஒருமுறை மாமனார் வீட்டுக்குப் போகையில் காலரில் இரண்டு சொட்டுப் பெட்ரோலைத் தடவிக்கொண்டு போனேன். சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த மாமனார் என்னைக் கண்டதும் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மாமனார் வீடு என்றதும் அஞ்சலை வருகிறாள். கல்யாணமாகி நாலு வருடம் ஓடியும் என் மனைவி கிள்ளானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தகப்பன் லயத்தில்தான் இருந்தாள். காரணம், எனக்கு வீடு கிடையாது. தவுக்கேயின் லோரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு பலகை அறை இருந்தது. தனிக் குழாய், சிமெண்டுத் தரை, சமைக்க ஒரு சாய்ப்பு. அது டிரைவருக்கு. ரத்தினம் அங்கே தன் மனைவி பாக்கியத்தோடும் இரண்டு பிள்ளைகளோடும் ராஜா மாதிரி இருந்தான். கெலிண்டனுக்குக் கூலிகள் சேர்ந்து தங்கும் கொங்சியில், பத்துப் பேர் படுக்கும் நீளக் கட்டிலில், ஒரு பாய் அகலம். என் பொறாமைக்கெல்லாம் அந்த அறைதான் வேர். அது கிடைத்தால் அஞ்சலை வருவாள். ஸ்டீயரிங் கிடைத்தால்தான் அது கிடைக்கும்.

கிள்ளான் துறைமுகத்துக் கிடங்குக்குச் சரக்கு கொண்டுபோகும்போது அந்தத் தோட்டத்து முச்சந்தியைத் தாண்டித்தான் போவோம். ரத்தினம் ரப்பர் உருண்டையை அமுக்கி 'பாம் பாம்' என்று ஹாரன் அடிப்பான். அஞ்சலை ஓடி வருவாள். ஹாரன் அடித்தவனை முதலில் பார்ப்பது மனித இயல்புதானே? டிரைவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் அண்ணாந்து உச்சியில் என்னைத் தேடுவாள். அதற்குள் லோரி வளைவில் திரும்பிவிடும். என் மனைவியின் முதல் சிரிப்பை நாலு வருடமாக ரத்தினம்தான் வாங்கிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் இதே சுங்கை வேயில் ஒரு காக்கா கடை இருந்தது. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம், எல்லோருக்கும் காக்கா. கோப்பி என்றால் அப்படி ஒரு கோப்பி. டிரைவர்கள் நிறுத்தினால்தான் நாலு பேர் இறங்கிச் சாப்பிடுவார்கள் என்பதால் டிரைவருக்குக் கோப்பி இலவசம், அதுவும் கண்ணாடிக் குவளையில், அடியில் பீரிசு வைத்து. கெலிண்டன் காசு கொடுத்துக் குடிக்கவேண்டும், அதுவும் காலிப் பால் டின்னில், கயிறு கட்டியதில். சூடு உதட்டைப் பொசுக்கும். ரத்தினம் பீரிசில் ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்தபடி நான் டின்னைக் கை மாற்றிக்கொண்டிருப்பேன்.

பார்த்தே ஓட்டப் பழகியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் இருந்தது அந்தச் சாக்கு. எப்போதாவது மழைக்கு முன்னிருக்கையில் ஏறினால், ரத்தினம் உடனே ஒரு கோணிச் சாக்கை எடுத்து முழங்காலுக்கு மேல் விரித்துக்கொள்வான். அது பாதம்வரை தொங்கும். என்ஜின் சூட்டுக்கு என்பான். நானும் நம்பினேன். காக்காதான் ஒருநாள் சிரித்தார்: "சூடாவது மண்ணாவது! மிதிக்கிறத நீ பாத்துரக் கூடாதுல்ல? பாத்துப் படிச்சிட்டா நீ பாதிச் சம்பளத்துக்கு ஓட்ட வந்துருவியே. இந்த ரோட்டுல எல்லா டிரைவரும் சாக்குப் போட்டுத்தான் ஓட்டுறான்." அன்றிலிருந்து சாக்குக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதே என் கனவாகிவிட்டது. சாக்கு இரண்டு இடத்தில் அசைந்தால் கியர், ஓரிடத்தில் அசைந்தால் பிரேக். அதற்குமேல் என் படிப்பு ஏறவில்லை.

அப்படியிருக்க, ஒரு மழைக்காலத்தில் எனக்குக் குளிர்ஜுரம் கண்டது. கொங்சியில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். சரக்கு காத்திருந்ததால் ரத்தினம் தனியாகவே கிளம்பினான். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன லீவர் உண்டு. ஹாண்டல் சுற்றும்போது அதை மேலே தள்ளி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் உதைக்கும். நான் முன்னால் நின்று சுற்றும் நாளெல்லாம் இருக்கையில் இருந்தபடி அவன் கை தானாக அதைத் தள்ளிவிடும். அன்றைக்கு அந்தக் கை ஹாண்டலில் இருந்தது. இருக்கையில் யாரும் இல்லை. ஒரே உதைதான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது.

பட்டறையே அவன் அறைக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனது. எனக்கு வந்தது கசப்புக் கொயினா மருந்து மட்டும். ஜுரத்திலும் அதைக் கவனித்தேன் என்றால் பாருங்கள்.

ஆனால் ஆரஞ்சுக்குப் பின்னால் அவன் நிலைமை வேறாக இருந்தது. வேலைக்கு வராதவனுக்குச் சம்பளம் கிடையாது. கை லோரியில் உடைந்தாலும் கள்ளுக்கடையில் உடைந்தாலும் தவுக்கேக்கு ஒன்றுதான். ஒரு வாரத்தில் வேறு டிரைவரைக் கொண்டுவருவேன், அறையைக் காலி செய் என்றும் சொல்லிவிட்டார். மூங்கில் பத்தை கட்டிய கையோடு ரத்தினம் கொங்சிக்கு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "நீ ஓட்டு. நான் சொல்லித் தரேன். வேற எவனாச்சும் வந்தா புள்ளைங்களோட நான் ரோட்டுலதான் நிக்கணும். கை சேந்ததும் எனக்குத் திருப்பிக் குடுத்துரு" என்றான். அவன் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

என் ஜுரம் விட்டதும் பழைய செங்கல் சூளைத் திடலில் விடிகாலைகளில் பாடம் நடந்தது. முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் சாக்கை எடுத்து என் முழங்காலில் போட்டுக்கொண்டேன். ரத்தினம் அதை உருவி வெளியே எறிந்தான். "கால எனக்குக் காட்டு. நீ என்னத்த மிதிக்கிறேன்னு நான் பாக்க வேணாமா?" அந்தச் சிடுசிடுப்புக்கு நடுவே, எதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டச் சொல்லி லைசென்ஸ் கொடுத்தார். தவுக்கே "லூ போலே பாவா?" என்று கேட்டார், உன்னால் ஓட்ட முடியுமா என்று. "போலே, தவுக்கே" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

ரத்தினத்தின் கை சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. வளைவில் ஸ்டீயரிங்கை இழுக்க அந்தக் கையில் பலமில்லை. தவுக்கே அவனை ஒருமுறை ஓட்ட வைத்துப் பார்த்தார், இல்லையென்று தலையை ஆட்டினார். டிரைவர் சீட்டும் அறையும் எனக்கு, வேண்டுமானால் அவன் கெலிண்டனாக இருக்கட்டும் என்றார். மாலையில் அஞ்சலையை அவள் தகரப்பெட்டியோடு முன்னிருக்கையில் ஏற்றி ஹாரன் அடித்துக்கொண்டே கொண்டுவந்து இறக்கினேன். அறை வாசலில் பாக்கியம் சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளை குழாயைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அழுதது.

அஞ்சலை அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "இம்மாம் பெரிய ரூமு. எதுக்கு இவுங்க போவணும்?" என்றாள்.

"நாலு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன் புள்ள. இது என் ரூமு" என்றேன். கோபத்தில் கத்தியேவிட்டேன்.

"உன் ரூமுல பாதி என்னுது. என் பாதிய நான் குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு, லோரியிலிருந்து ரத்தினத்தின் முழங்கால் சாக்கை எடுத்து வந்தாள். இன்னும் நாலு சாக்கைப் பிரித்து அதோடு சேர்த்து, சணல் ஊசியால் தைத்து, குறுக்கே ஒரு கயிற்றில் தொங்கவிட்டாள். அப்படியாக, நான் ஆசைப்பட்ட அறையில் எனக்குப் பாதிதான் கிடைத்தது.

மறுநாள் ரத்தினம் கெலிண்டனாக ஏறி வர, நான் டிரைவரானபின் முதல் தடவையாகச் சுங்கை வேயில் நிறுத்தினோம். காக்கா பழக்கத்தில் கண்ணாடிக் குவளையை ரத்தினத்தின் முன்னால் வைத்தார். அவன் அதை என் பக்கம் நகர்த்தி, "டிரைவர் அண்ணே அங்க உக்காந்திருக்காரு, காக்கா" என்றான். கோப்பி அமிர்தமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பாதி குடித்த பிறகுதான் கவனித்தேன். பால் டின்னில் என் குவளையைவிட இரண்டு மடக்கு கூடுதலாகப் பிடிக்கிறது. அது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வயிறு எரிந்தது. அதோடு போயிற்றா? பஞ்சர் ஆனால் டிரைவர் சம்பளத்தில் பிடித்தம், போலீஸ் பிடித்தால் அபராதமும் டிரைவர் தலையில். என்ஜின் சூட்டில் நான் வெந்துகொண்டிருக்க, கிள்ளான் காற்றில் ரப்பர் ஷீட் மேல் மல்லாந்து படுத்து ரத்தினம் பாடிக்கொண்டு வந்தான்.

வீட்டிலும் அதே கதை. சாக்குக்கு அந்தப் பக்கம் நண்டு ரசம் கொதித்தால் இந்தப் பக்கம் எனக்குச் சோறு இறங்காது. அவன் ஏதாவது சொல்ல, பாக்கியம் விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்படி என்னதான் சொல்கிறான் என்று காதைச் சாக்கில் ஒட்டிக் கேட்பேன். ஒரு சாயங்காலம் சாக்குக்குப் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "அண்ணே, நெசத்தச் சொல்லட்டா? நீ ஹாரன் அடிக்கிறப்பல்லாம் எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியுது."

"நீ மேல படுத்துப் பாடுறப்ப எனக்கும் அப்படித்தான்டா" என்றேன்.

 சாக்கே ஆடும்படி நாலு பேரும் சிரித்தோம்.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கடை வரிசை. ஹாண்டல் போட்டுச் சுற்றும் லோரியை எந்தத் தெருவிலும் பார்க்க முடியாது. காக்கா ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ரத்தினமும் பாக்கியமும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள், அஞ்சலை அவர்களுக்குப் பின்னால் போனாள். மகள் வீட்டில் எனக்கென்று ஒரு முழு அறை, நாலு பக்கமும் செங்கல் சுவர், தனிக் குழாய்கூட உண்டு. சில சாயங்காலங்களில் சுவரில் காதை ஒட்டிக் கேட்கிறேன். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.