ஆறு மணிக்கு மேல் அடுப்பு இல்லை

எங்கள் வீட்டில் ஒரு வருடம் முழுக்க ஒரு சட்டம் இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. சட்டம் போட்டவள் நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வருடம் என் மகள் உயர்தரப் பரீட்சையை மூன்றாவது தடவையாக எழுத இருந்தாள். பல்கலைக்கழகம் போவதற்கு மூன்று தடவைதான் கணக்கு. முதல் இரண்டு தடவையும் அவளைக் கவிழ்த்தது அடுப்பு. நான் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவளுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு மூன்று. ஏழு வருடம் கழித்து நான் வந்து இறங்கும்போது அந்தப் பிள்ளை ஒரு முழுக் குடும்பக்காரியாக நின்றாள். சோறு வடிப்பாள், தம்பிக்குப் பேன் பார்ப்பாள், அப்பாவுக்கு ரொட்டி சுட்டுக் கட்டிக்கொடுப்பாள். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த என் நாத்தனார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள் என்று பேர். பார்க்கத்தான் செய்தாள், அதில் பொய்யில்லை. வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வந்தவள் வீட்டில் இருந்தேனா? இல்லை. பதுளை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடை மூட ஏழு மணி. பஸ் பிடித்து தெமோதரையில் இறங்கி, தோட்டத்து மேட்டில் ஏறி வீட்டுக்கு வர எட்டாகிவிடும். அதற்குள் அவள் எல்லாம் முடித்து வைத்திருப்பாள். நானும் கூசாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் பெயில் என்று வந்த பிறகு, பள்ளிக்கூட டீச்சர் ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளைக்கு மூளை இருக்குங்க. ஆனா வகுப்பில தூங்குது. வீட்டில என்ன வேலை அதுக்கு?" என்று கேட்டார். பஸ்ஸில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று ராத்திரிதான் சட்டம் போட்டேன். சட்டம் மட்டும் போட்டால் வயிறு கேட்குமா? அதற்கு என்னிடம் மக்ரோனி சலாது இருந்தது.

வெளிநாட்டில் நான் இருந்த வீட்டில் என் மகளின் வயதில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். அவளுக்குப் பரீட்சை வந்தால் வீடே மூச்சு விடாது. மேடம் சமையலறைக் கதவைச் சாத்திவிடுவாள், வெங்காய வாசனை பிள்ளையைத் தொந்தரவு பண்ணுமாம். ஞாயிற்றுக்கிழமையே பெரிய கிண்ணம் நிறைய நான் மக்ரோனி சலாது செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். தினமும் மாலையில் கொஞ்சம் எடுத்து அந்தப் பிள்ளையின் மேசையில் வைப்பேன். அவள் தலையைத் தூக்கவே மாட்டாள். கண் புத்தகத்தில் இருக்கும், கை மட்டும் கரண்டியைத் தேடிப் பிடிக்கும். வைத்தது யார், என்ன என்றுகூடப் பார்க்க மாட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. என் பிள்ளையும் ஒருநாள் இப்படித் தலையைத் தூக்காமல் சாப்பிட வேண்டும் என்று ஏழு வருடமும் நினைத்தேன். நான் கும்பிட்ட சாமிக்குத் தெரியும், அதைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை.

செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தண்ணீரில் உப்பை நன்றாக அள்ளிப் போட வேண்டும், மக்ரோனி உப்பை உள்ளே வாங்குவது அப்போதுதான். முழுக்க வேகும் முன்னாலேயே இறக்கிவிட வேண்டும், ஃபிரிட்ஜில் இருக்க இருக்க அது தானாக மிருதுவாகும். பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் பிசறி, நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு மூடினால் மறுநாளே ஊசிப்போகும். கெரட்டையும் போஞ்சியையும் பொடியாக அரிந்து ஒரு கொதி விட்டு எடுக்க வேண்டும். டின்மீனை முள் எடுத்து, மிளகுத்தூளும் வெங்காயமும் போட்டுச் சுண்டப் பிரட்ட வேண்டும். இந்த மிளகும், காரத்துக்கு இரண்டு கொச்சிக்காயும் நான் சேர்த்தவை, மேடம் வீட்டில் கிடையாது. மயோனைஸ், தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் சீனி கலந்த கலவையில் பாதியை மட்டும் முதலில் ஊற்ற வேண்டும். மீதிப் பாதி போத்தலில் இருக்கட்டும். மக்ரோனி கள்ளப் பயல், ஒரு ராத்திரியில் அத்தனையையும் குடித்துவிட்டு வறண்டு நிற்கும். சாப்பிடும்போதுதான் மீதியை ஊற்றி, வெள்ளரிக்காயை அரிந்து போட வேண்டும். ஞாயிறு செய்தால் செவ்வாய் வரை. புதன் விடிகாலை எழும்பி மறுபடி செய்தால் வெள்ளி வரை.

முதல் வாரம் வீட்டில் பெரிய கூத்து. என் வீட்டுக்காரர் தேயிலைத் தூள் அரைக்கிற ஸ்டோரில் மெஷின் பக்கம் நின்றுவிட்டு வருகிறவர்.

"யானைப் பசிக்குச் சோளப்பொறியா? ஜில்லுன்னு இருக்கு. மனுசன் தின்றதா இது?"

"வெயில்ல மலையில நின்னு ஆறிப்போன ரொட்டி தின்னு வளர்ந்த வாய்தானே? சும்மா சாப்பிடுங்க," என்றேன்.

நாத்தனார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னண்ணி, இன்னைக்கும் உங்க வீட்டில வெளிநாடா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். என் மகன் மட்டும் இரண்டு தட்டு சாப்பிட்டான். பிறகு வீட்டுக்காரரும் பழகிவிட்டார், மேலே கொஞ்சம் தேங்காய்ச் சம்பல் போட்டுக்கொண்டு.

மகள் தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள். அவள் எப்போதும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அத்தையை 'வா, போ' என்பாள், என்னை 'வாங்க, போங்க' என்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. அது எனக்கு வலித்தது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டாவது மாதம் ஒருநாள் கடை சீக்கிரம் மூடி, ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவள் மேசையில் குனிந்திருந்தாள். இடது பக்கம் சலாதுத் தட்டு. நான் உள்ளே வந்தது தெரியவில்லை. கண் புத்தகத்தில், கை கரண்டியில். நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே வாசலில் நின்றேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு ஏழு வருடம் கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு இன்னொரு சந்தோசமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மக்ரோனி அவிக்கும்போது அவள் பக்கத்தில் வந்து நிற்க ஆரம்பித்தாள். "படி, போ" என்றால், "பத்து நிமிசம்மா" என்பாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அங்கே காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீங்க? மேடம் கோபப்பட்டால் என்ன சொல்லணும்? வெள்ளரிக்காய்க்கு அவங்க பாஷையில் என்ன? நான் வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகியும் இந்த வீட்டில் யாரும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏதோ தோட்டத்தின் பக்கத்து டிவிசனுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்தார்கள். என் பிள்ளை கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினில் எந்தத் துணியை எதோடு போடக் கூடாது, விருந்தாளி வந்தால் எங்கே நிற்க வேண்டும், அவமானப்பட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும். தலையைத் தூக்காமல் சாப்பிட்ட அந்தப் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். வெள்ளரிக்காயைத் தூக்கிக் காட்டி, "கியார்" என்றேன். அவளும் "கியார்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். என் மகள் என்னைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நானேதான்.

பரீட்சை எழுதினாள். எப்படி என்றால், "பரவாயில்லம்மா" என்றாள். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம், பதுளையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் போகும்போது அனுப்பிய ஆள் இல்லை, வேறு ஆள். வீட்டுக்காரர் அவருக்கு நாற்காலி போட்டார். முன்பின் தெரிந்தவருக்குப் போடுகிற மாதிரி போட்டார்.

"அக்கா, பிள்ளையோட வீடியோ அங்க நல்லாப் புடிச்சிருக்கு. வெளிநாட்டுச் சாப்பாடு தெரிஞ்ச பிள்ளைன்னா இப்ப உடனே எடுக்கிறாங்க," என்றார். "நீங்கதான் பழக்கினீங்களாமே."

போனை என் கையில் கொடுத்தார். எங்கள் சமையலறை. என் பேசின். பகல் வெளிச்சம், நான் கடையில் நிற்கிற நேரம். என் மகள் தலையை முக்காடு போட்டு மூடியிருந்தாள். மக்ரோனியை அலசினாள், எண்ணெய் பிசறினாள், ஒன்றை எடுத்து நகத்தால் அமுக்கிப் பார்த்தாள். அது நான் செய்கிற வேலை, யாரும் சொல்லிக்கொடுத்து வராது. கலவையில் பாதியை ஊற்றி மீதியைத் தனியாக வைத்தாள். வெள்ளரிக்காயைத் தூக்கிக் காட்டி "கியார்" என்று சொல்லிச் சிரித்தாள். கடைசியில் போன் ஆடியது, பிடித்திருந்தவள் "சரியா வந்துச்சா?" என்று கேட்டாள். என் நாத்தனாரின் குரல். ஆக, எல்லாருக்கும் தெரியும். பைத்தியக்காரி நான் ஒருத்திதான்.

அவரை அனுப்பிவிட்டு அவளைப் பிடித்தேன். திட்டினேன், தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஒனக்காகத்தானேடி நான் போனேன்? நீ படிக்கணும்னுதானே?"

"தெரியும்மா. நான் தம்பிக்காகப் போறேன்."

"ரிசல்ட் வரட்டும்."

"வந்தா? மூணாந்தரமும் பெயிலானா தோட்டத்துல கொழுந்து எடுக்கவா? இல்ல உங்கள மாதிரி துணிக்கடையில நிக்கவா?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இங்கேயும் அடுப்புத்தாம்மா. அங்க அடுப்புக்குச் சம்பளம் குடுக்கிறாங்க."

"அப்ப ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க போகும்போது என்கிட்ட கேட்டீங்களா?"

பதினொரு வயதுப் பிள்ளையிடம் யார் கேட்பார்கள்? அவள் தூங்கும்போதுதான் நான் கிளம்பினேன். அழுவாள் என்று பயந்து அப்படிச் செய்தேன். அவள் அப்படிச் செய்யவில்லை. பட்டப்பகலில், என் கால் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தம்பியின் தலையைத் தடவிவிட்டு, பெட்டியோடு மேட்டிலிருந்து இறங்கினாள். இருபத்தொரு வயது முடிந்துவிட்டது, கையெழுத்துக்குக்கூட நான் தேவைப்படவில்லை.

அவள் போன பிறகு சட்டத்தை யாரும் ரத்து பண்ணவில்லை, அது தானாகப் போய்விட்டது. வீட்டுக்காரர் ஆறு மணிக்கு மேல் அடுப்பு பற்ற வைத்துச் சோறு ஆக்கினார். நான் சலாது செய்கிற பெரிய கிண்ணத்தில் அரிசி கொட்டி வைத்தேன். ஃபிரிட்ஜ் கதவில் அந்தக் கலவை போத்தல், பாதியோடு, பல நாள் நின்றது. மகன்தான் கொட்டிக் கழுவினான்.

ரிசல்ட் அவள் போய் ஆறு வாரம் கழித்து வந்தது. மகன் போனில் பார்த்துச் சொன்னான், நான் நம்பாமல் கடைக்குப் போய் முதலாளியின் மகனிடம் காட்டி இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். மூன்று பாடமும் பாஸ். இரண்டு பாடத்துக்கு நல்ல பெறுபேறு. முதலாளி மகன், "எங்க ஆன்ட்டி உங்க மகள்? இனிப்பு எங்க?" என்று கேட்டார். நான் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்று மாலை அவள் அழைத்தாள். படத்தில் ஒரு சமையலறைச் சுவர், அதற்கு முன்னால் அவள் முகம், கொஞ்சம் மெலிந்து. நான் சொன்னேன். பாடம் பாடமாகச் சொன்னேன். அவள் கண் எங்கோ பார்த்தது. ஒப்பந்தம் இரண்டு வருடம். நடுவில் விட்டு வர முடியாது என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

"சந்தோசம்மா," என்றாள். "தம்பிகிட்டச் சொல்லுங்க, அந்தப் புத்தகத்தை எல்லாம் யாருக்கும் குடுத்திராமப் பத்திரமா வைக்கச் சொல்லி."

"சாப்பிட்டியா?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"இனிமேத்தாம்மா. நான் போனை வைக்கிறேன், இந்த வீட்டுப் பிள்ளைக்குச் சலாது குடுக்கணும். அதுக்குப் பரீட்சை." ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "நீங்க சொன்னது சரிதாம்மா. நம்மள யாருன்னு பார்க்கவே மாட்டேங்குது. தலையைத் தூக்காமத்தான் சாப்பிடுது."