அம்பாசமுத்திரத்தில் இல்லாத அத்தை

“அத்தைக்கு இப்பம் எப்படி இருக்கு, அண்ணாச்சி?” சனிக்கிழமை மத்தியானம் பாபநாசம் பேருந்தில் அம்பாசமுத்திரத்துக்குச் சீட்டுக் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கண்டக்டர் என்னைக் கேட்ட கேள்வி இது. அம்பாசமுத்திரத்தில் எனக்கு அத்தை கிடையாது. வாராவாரம் அங்கே என்ன வேலை என்று அவர் சும்மா கேட்டதற்கு, வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். பிறகு அந்த அம்மாளை நோயில் தள்ளியதும் நான்தான். மூட்டுவலியில் ஆரம்பித்து, சர்க்கரை கூடி, கண்ணில் புரை விழுந்து, ஒருமுறை குளியலறையில் வழுக்கியும் விழுந்தாள். கண்டக்டர் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்து விசாரிப்பார். இல்லாத ஒருத்திக்காக அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

நான் போனது ஒரு தையல் பள்ளியின் பின்கட்டுக்கு. குடியை விட நினைக்கிறவர்கள் சனிக்கிழமைதோறும் அங்கே கூடி, அவரவர் பட்டதைப் பேசுவார்கள். திருநெல்வேலிக்குள் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறதா என்று நான் விசாரிக்கவே இல்லை. எங்களுடையது நெற்றியில் திருநீறு அழியாத குடும்பம். அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். வண்ணார்பேட்டையில் பட்டப்பகலில் தள்ளாடி நடந்தபோது யார் பார்க்கிறார்கள் என்று ஒருநாளும் கவலைப்படாதவன், குடியை விடுவதற்கு மட்டும் வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி எல்லாம் கடந்து, ஆற்றுப் பாலத்தையும் தாண்டிப் போய் ஒளிந்துகொண்டேன். எங்கள் ஆட்களுக்கே வாய்த்த புத்தி அது. இருந்தாலும் போனது வீண்போகவில்லை. என் வேலையும் குடும்பமும் தப்பியது அந்தப் பின்கட்டில்தான்.

ஒரு சனிக்கிழமை, காக்கிச் சட்டை இல்லாமல், கண்டக்டர் எனக்கு முன்னால் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கண்டக்டருக்குத் தெரிந்தால் ஜில்லாவுக்கே தெரிந்த மாதிரிதானே. கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தார். அந்தக் கை நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். ஆரம்பத்தில் என்மேல் அடித்த வாடை போகப் போக நின்றுவிட்டதைச் சீட்டுக் கிழிக்கும்போதே அவர் கவனித்திருக்கிறார். நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் முகம் இத்தனை தெளிவாக இருக்காதே என்று யோசித்து, நான் இறங்கிப்போகும் தெருவில் விசாரித்து, விடுப்பு எடுத்து வந்திருக்கிறார். “ஒங்கள வேவு பாக்க வரல, அண்ணாச்சி. எனக்கும் இந்த அத்தைதான் வேணும்” என்றார். சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனோம்.

அதன்பின் வார ஓய்வைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு என் பக்கத்திலேயே பயணியாக உட்கார்ந்து வந்தார். மாதக்கணக்காகக் குடியைத் தொடவில்லை. திடீரென்று அவரைக் கூடங்குளம் தடத்துக்குப் போட்டார்கள். சனிக்கிழமை ஓய்வும் போயிற்று. நகருக்குள் இருந்த ஒன்றிரண்டு கூட்டங்களும் அவர் வேலை நேரத்துக்குத் தோதுப்படவில்லை. வண்ணார்பேட்டையிலேயே நாம் ஒன்று தொடங்கினால் என்ன என்று என்னிடம் கேட்டார். பார்க்கலாம் என்றேன். அரசு அலுவலகத்தில் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு முறை கேட்டார், பிறகு கேட்கவில்லை. அடுத்த மாதம் அவர் மனைவி போன் செய்து, மறுபடியும் குடித்துவிட்டு வேலைக்குப் போனதாகவும், பணிமனையில் திருப்பி அனுப்பிவிட்டதாகவும், இன்னொரு தடவை என்றால் வேலையே போய்விடும் என்று சொல்லிவிட்டதாகவும் அழுதாள். என் மரியாதையைக் காப்பாற்ற அந்த மனிதரைக் கைவிட்டிருக்கிறேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வாரமே வண்ணார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியை, கண்டக்டர் வேலை முடித்து வரும் ஒரு சாயங்காலத்துக்குக் கேட்டு வாங்கினேன். இப்போது அந்த மாடியில் நாற்காலி போதாமல் பாய் விரிக்கிறோம்; வேலையில் நிலைத்துவிட்ட கண்டக்டர்தான் பாயை உதறிப் போடுகிறார். புதிதாக வருகிறவர்கள் எங்களைப் பார்த்து, இது என்றைக்கும் இப்படியே நடந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் முதல் நாள் மாடியில் ஒருவரும் இல்லை. நான் படிக்கட்டின் கீழே நின்றேன். எதிர்ச்சாரியில் ஜூஸ் கடை ஓரமாகக் கண்டக்டர் நின்றார். கண்ணைக் காட்டிக் கூப்பிட்டேன்; தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் பாதிப்பேர் அவருடைய பணிமனைக்காரர்கள். அப்போது பார்த்து, எங்கள் அலுவலக எழுத்தர் ஒருவர் மனைவியோடு ஸ்கூட்டரில் வந்து என் முன்னால் நிறுத்தினார்.

“என்ன சார், இங்கன நிக்கீய? மேல என்ன நடக்கு?”

வருமானவரி வகுப்பு என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. பேருந்துகள் ஒன்றை ஒன்று முட்டுகிற மாதிரி நெருக்கிக்கொண்டு ஒலி எழுப்பின. பைய முணுமுணுத்தால் எதிர்ச்சாரியில் நிற்கிறவர் காதில் விழாது. அந்தச் சத்தத்துக்கு மேலே என் குரலை உயர்த்தினேன்.

“குடிய விட்டவங்க கூட்டம் வே. நானும் குடிச்சுச் சீரழிஞ்சவன்தான். இனிமே வாராவாரம் இங்கனதான்.”

அவர் மனைவி முதலில் திகைத்து, அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டாள். ஸ்கூட்டர் நகர்ந்தது. நான் நிமிர்ந்தபோது, கண்டக்டர் இரண்டு பேருந்துகளைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டுச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.