கல் சுடவில்லை

சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வருவதற்குள் ஊரிலுள்ள இனிப்பையெல்லாம் தின்று தீர்த்துவிட வேண்டும் என்று திட்டம் போட்ட அறிவாளி வேறு யாராவது இருக்கிறார்களா, தெரியாது. நான் போட்டேன்.

ஓசூருக்குப் போய் இருபது வருடம் ஆகிவிட்டாலும் ஊர் என்றால் எனக்குத் திண்டுக்கல்தான். அகரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு வந்திருந்தோம். பந்தியில் மூன்றாவது தடவை பாயசத்துக்குக் கையைத் தூக்கினேன். எதிர் இலையில் உட்கார்ந்திருந்தாள் என் மனைவியின் சித்தப்பா மகள். நாகல் நகரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்.

“மச்சான், கடைசியா எப்ப சுகர் பாத்தீக?”

“போன தேர்தலுக்கு முன்னாடி.”

“எந்தத் தேர்தல்?”

இலையில் கிடந்த அப்பளத்தை உடைத்தேன். “நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாரீக” என்றாள். மனைவி பாயச வாளிக்காரரிடம் போதும் என்று கை காட்டினாள்.

அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் நாற்பது நாளாக ஒரு புண். செருப்பு கடித்தது. பிளாஸ்திரி ஒட்டி, மேலே சாக்ஸ் மாட்டி, யார் கண்ணிலும் படாமல் அதை வளர்த்து வந்தேன். என் அப்பாவுக்கும் இப்படி ஒன்றில்தான் ஆரம்பித்தது. முடிவில் அவருக்கு அந்தக் காலில் மூன்று விரல்தான் மிச்சம்.

காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். “வழக்கமா சாப்பிடுறதைச் சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க. ரிப்போர்ட் சாயங்காலம் நாலு மணிக்கு” என்றாள் டாக்டர். நாலு மணி வரைக்கும் எனக்குச் சர்க்கரை கிடையாது. தீர்ப்பு வரும்வரை குற்றவாளி இல்லையே. அதற்குள் எனக்குப் பிடித்த இடங்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். இரவல் வாங்கிய ஸ்கூட்டரில் மனைவி பின்னால் உட்கார்ந்தாள்.

காலேஜ் நாட்களில் சாப்பிட்ட இட்லிக்கடையில் நாலு இட்லி, ஒரு பொங்கல், வடை, அப்புறம் கேசரி.

“இதான் வழக்கமா சாப்பிடுறதா?”

“இந்தக் கடையில இதான் வழக்கம்.”

பஸ் ஸ்டாண்டு பக்கம் பால்பன். பாகு விரலில் ஒட்டியது. நக்கிக்கொண்டே மணி பார்த்தேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் பருத்திப்பால். பாதி டம்ளரில் மறுபடியும் மணி பார்த்தேன். பிடித்த இடங்கள் எல்லாம் அங்கங்கேதான் இருந்தன. எனக்குத்தான் எதுவும் ருசிக்கவில்லை. பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று புத்தகத்தைப் புரட்டுகிறவனைப் போல விழுங்கிக்கொண்டிருந்தேன்.

“மேல ஏறிப் பாப்போமா? காதலிச்ச காலத்துல ஏழு தடவை ஏத்துனீங்களே” என்றாள்.

“முழங்கால் வலிக்குது.” வலித்தது முழங்கால் இல்லை. சொல்லப்போனால், அந்தப் புண்கூட வலிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது ரத்தமும் கொடுத்துவிட்டு, நேராக, பழகிய பாயின் பிரியாணிக் கடைக்கு வண்டியை விட்டேன். வேகமாகச் சாப்பிட்டால் நாலு மணிக்குள் இன்னொரு ரவுண்டும் வரலாம்.

“வாங்க மாப்ளே! ஊரை மறந்துட்டீகளோன்னு நெனச்சேன். இன்னும் தம் உடைக்கலை, செத்த நேரம் உக்காருங்க” என்றார் பாய். பிரியாணி அண்டாவின் மூடிமேல் கங்கு கனிந்துகொண்டிருந்தது.

மனைவி உட்காரவில்லை. “கறி தின்னுட்டு எப்படிப் பெருமாளைப் பாக்கிறது? மொதல்ல தாடிக்கொம்புக் கோயில். அப்புறம் இங்க.”

“தங்கச்சி சொல்றது சரிதான் மாப்ளே. சாமியப் பாத்துட்டு வாங்க. அண்டா எங்கயும் ஓடிறாது.”

பாயும் கட்சி மாறிவிட்டார். தாடிக்கொம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தச் செத்த நேரம்தான் இருந்தது. செருப்போடு சாக்ஸையும் கழற்ற வேண்டுமே என்ற கவலையில், மனைவி அர்ச்சனைத் தட்டு வாங்கப் போன நேரம் பார்த்துக் கழற்றினேன். பிளாஸ்திரி தெரியாமலிருக்க வேட்டியைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டேன்.

தரிசனம் முடித்துப் பிரகாரம் சுற்றினோம். சித்திரை வெயில். நார் விரிப்பு பாதி தூரத்தோடு நின்றுவிட்டது. மீதிக்கு வெறும் கல்.

“ஆத்தாடி!” மனைவி தட்டைத் தூக்கிப் பிடித்தபடி குதித்துக் குதித்து ஓடினாள். முன்னால் போன ஒரு குடும்பமே மூலைக்கு மூலை தவ்விக்கொண்டிருந்தது. நான் நிதானமாக, கல்யாண மாப்பிள்ளை போல நடந்து போனேன்.

நிழலில் நின்று அவள் கேட்டாள்: “உங்களுக்குச் சுடலையா?”

“நாங்கல்லாம் மலைக்கோட்டைப் பாறையில பட்டப்பகல்ல வெறுங்காலோட திரிஞ்சவங்க. இதெல்லாம் எங்களுக்கு...”

வெயிலுக்கு இரண்டடி திரும்பிப் போனேன். கல்லின் மேல் நின்றேன். இடது கால் சுட்டது, லேசாக. வலது காலை அழுத்தி வைத்தேன். கம்பளியில் நிற்பதுபோல இருந்தது. ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணினேன்.

“என்னங்க பண்றீங்க? வாங்க இங்கிட்டு!”

நிழலில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலுக்கு முன்னால் கொப்புளம் எழுந்துகொண்டிருந்தது. பிளாஸ்திரி அவிழ்ந்து தொங்கியது. அவள் குனிந்து பார்த்தாள்.

“எத்தனை நாளா?”

“நாப்பது.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதிலுக்குச் சொல்ல ஒரு ஜோக் வைத்திருந்தேன். அவள் தன் முந்தானையால் என் பாதத்தைத் துடைத்துவிட்டு, “சாவியக் குடுங்க” என்றாள். ஸ்கூட்டரை அவளே ஓட்டினாள். பாய் கடையைத் தாண்டும்போது வாசனை வந்தது. இந்தத் தடவை நான் மணி பார்க்கவில்லை.

கிளினிக்கில் டாக்டர் புண்ணைக் கழுவிப் பார்த்துவிட்டு, நைலான் நரம்பு போன்ற ஒன்றை எடுத்தாள். “கண்ணை மூடிக்குங்க மச்சான். கால்ல தொடுவேன். தொட்டதும் ‘இப்ப’ன்னு சொல்லணும்.”

மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பயம் பிடித்துக்கொண்டது. பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்தே பாஸானவன் நான். இங்கே பார்க்க எதுவும் இல்லை. குத்துமதிப்பாக “இப்ப” என்றேன். செத்த நேரம் விட்டு இன்னொரு “இப்ப”.

“நான் இன்னும் தொடவே இல்லை” என்றாள் டாக்டர்.

மனைவி சிரித்தாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மறுபடி மூடிக்கொண்டேன். இந்தத் தடவை ஏமாற்றவில்லை. இடது காலில் எல்லா இடத்திலும் தெரிந்தது, சொன்னேன். வலது காலுக்கு வந்த பிறகு அறையில் ஃபேன் சத்தம் மட்டும். எவ்வளவு நேரமோ. அப்புறம் குதிகாலின் பின்பக்கம், எறும்பு ஊர்வதுபோல, மிக மெல்லியதாய் ஒன்று.

“இப்ப.”

“நெசமாவா?” மனைவியின் குரல்.

“சத்தியமா.”

“நெசந்தான்க்கா” என்றாள் டாக்டர். “இன்னும் கொஞ்சம் உசுரு இருக்கு. புண்ணு எலும்புக்குப் போகலை, விரலைக் காப்பாத்திறலாம். பத்து நாள் இங்கயே இருந்து தினம் கட்டு மாத்தணும்.”

நாலு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. நான் கையை நீட்டினேன். மனைவி வாங்கி, படித்து, மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.