அலோர்ஸ்டார் சட்டமன்ற வாசலில் ஒரு மஞ்சள் சேலை

மலேசியாவின் கெடா மாநிலச் சட்டமன்றத்தை நேரில் பார்க்க விரும்புவோருக்காக எழுதுகிறேன். வரிசை இது:

1. ஏன் போனோம்
2. வழியும் செலவும்
3. தொடக்க நாளே போகச் சிறந்த நாள். அன்று ஆட்சியாளரின் பங்கு உரை வாசிப்பதோடு சரி
4. வாசலில் நடந்தது
5. போகிறவர்களுக்கு

நான் பினாங்குக்காரன். மறைந்த என் மனைவியின் தங்கை லட்சுமி கெடாவின் சுங்கை லாலாங்கில் இருக்கிறாள். அவள் கணவரைப் புதைத்த தோட்டத்து இடுகாடு வீடமைப்புக்குப் போகிறதாம். அந்த நிலம் தப்பும்வரை மஞ்சள்தான் உடுத்துவேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். தொகுதி உறுப்பினரிடம் நேரில் மனு கொடுக்க வேண்டும். அவர் கட்டாயம் வரும் நாள் என்று தொடக்க நாளைக் குறித்தவன் நான். உறுப்பினரின் அலுவலகத்தில் கேட்டு இரண்டு அழைப்புகளும் வாங்கினேன்.

காலை 6.45க்கு அவள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். அலோர்ஸ்டார் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். போக வர வாடகைக் கார் 160 ரிங்கிட். வழியில் குருணில் மூவருக்கு ரொட்டி சானாய், தேத்தண்ணி 14 ரிங்கிட்.

"அக்கா, பழுத்த பீசாங் மாதிரி பளபளன்னு இருக்கீங்க லா," என்றான் ஓட்டுநர் மணி. பீசாங் என்றால் வாழைப்பழம்.

"ரோட்டப் பாத்து ஓட்டு தம்பி. அத்தான், மஞ்சச் சேலை பரவால்லயா?"

"அரண்மனைக்குத்தான் மஞ்சள் ஆகாது. இது சட்டமன்றம்மா."

பிறகு விளக்கமும் சொன்னேன். பினாங்கில் ஆளுநர், கெடாவில் ஆட்சியாளரான சுல்தான். அவையைக் கூட்டுவது அவர்கள் பெயரில். சட்டத்துக்கு இசைவு தருவதும் அவர்கள்தான். பேசுவதும் வாக்களிப்பதும் உறுப்பினர்கள். ஆகவே அவை என்னும் வீடு உறுப்பினர்களுடையது என்றேன். லட்சுமி நம்பினாள்.

வாசல் காவலர் மரியாதையாகத்தான் சொன்னார்: "மாஅஃப் மக்சிக், ஹரி இனி குனிங் தாக் போலே." மன்னியுங்கள் அம்மா, இன்று மஞ்சள் கூடாது என்று பொருள். அது அரச நிறம், ஆட்சியாளர் வரும் நாள். மணி காரிலிருந்து ஒரு நீலத் துப்பட்டாவைக் கொண்டுவந்தான். போர்த்தினாலும் சேலை தெரியும் என்றார் காவலர். மாற்றுச் சேலை வாங்கலாம் என்று மெல்லச் சொன்னேன்.

"ஆத்தாகிட்ட சொன்ன வார்த்தைய கேட்லயா கழட்டி வைக்கிறது? நீங்க போங்க அத்தான். மனு உங்க பையிலதான இருக்கு."

காவலர் என்னை உள்ளே போகச் சொல்லிக் கையசைத்தார். அவளோடு நின்றிருக்க வேண்டும். உள்ளே போய்விட்டேன்.

ஆட்சியாளர் நுழைந்ததும் அவை முழுவதும் எழுந்தது. அவர் அமர்ந்த பிறகே எல்லோரும் அமர்ந்தோம். உறுப்பினர் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் வேளையில் நம் உறுப்பினர் பத்தடி தூரத்தில் நின்றார். சுற்றிலும் பெரிய மனிதர்கள். கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தேநீர் ஆறும்வரை. பிறகு அவரைக் காணவில்லை.

வெளியே மரத்தடியில் லட்சுமி எழுந்து நின்றாள்.

"குடுத்தீங்களா?"

பையை நீட்டினேன். பையை வாங்கி அவளே மனுவை எடுத்தாள். கார்கள் வெளிவரத் தொடங்கியிருந்தன. சாலையோரம் போய் நின்றாள். அந்தக் கூட்டத்தில் மஞ்சளாக இருந்தது அவள் மட்டும்தான். ஒரு கார் நின்றது. உறுப்பினர் இறங்கினார்.

"ஏங்கா வெளிய நிக்கிறீங்க?"

"மனு உள்ள போய்ட்டு வந்துச்சு ஐயா. என்னையத்தான் விடல."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் படித்தார். சிரிப்பு நின்றது. "நில விஷயம் ஆட்சிக்குழுதான் முடிவு பண்ணும்கா. கேக்கிறேன். உறுதி சொல்ல முடியாது."

திரும்பும் வழியில் அவள் என்னைக் குறை சொல்லவில்லை. மணிகூட என்னைக் கேலி செய்யவில்லை.

போகிறவர்களுக்கு: மனு இருந்தால் சாதாரண அமர்வு நாளில் போங்கள். உடை விதியை முன்பே தொலைபேசியில் கேளுங்கள். மனுவை அதற்குரியவர் கையிலேயே கொடுத்து வையுங்கள்.

மூன்றாவது குறிப்பு தவறு. மற்ற நாள்களில் அந்த வீடு யாருடையதாக இருந்தாலும், தொடக்க நாளில் அது ஆட்சியாளருடையது. அவர் வந்து திறந்தால்தான் உறுப்பினர்களுக்கே பேச்சு. குறிப்பை நான் அழிக்கவில்லை. அந்த வார்த்தைகளை நம்பித்தான் லட்சுமி காரில் ஏறினாள். இன்னும் மஞ்சள்தான் உடுத்துகிறாள்.